மச்சான் கொடுத்த கார் ஆயில்

ஓசூரில் பைக் மெக்கானிக்காக இருப்பவனுக்குக் கை கறுப்பது பெரிய விஷயமில்லை. சொன்னதையே சொல்லித் தொண்டை வறண்டுபோவதுதான் பெரும்பாடு. வண்டி வைத்திருக்கும் நீங்களும் ஏதாவது ஒரு நாள் நடுரோட்டில் நின்றிருப்பீர்கள். அந்த உறவில்தான் இதைச் சொல்கிறேன்.

கேனில் மிஞ்சியது

இங்கே கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் கார்கள் ஏராளம். காருக்கு ஆயில் மாற்றினால் கேனில் கொஞ்சம் மிஞ்சும். புத்தம் புது ஆயில், கீழே கொட்ட யாருக்கு மனசு வரும்? யார் வீட்டு பைக்காவது அதைக் குடித்துவிடும்.

டிரைவர் நாகராஜு அப்படி ஒரு கேனோடு கடைக்கு வந்தார். சூளகிரிப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், பெங்களூரு போனால் கன்னடம் என்று மூன்று பாஷையிலும் வாதாடுவார். இதை பைக்குக்கு ஊற்றலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். பைக்கில் கிளட்ச் பிளேட்டும் அதே இன்ஜின் ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது. இப்போது வரும் கார் ஆயிலில் வழுவழுப்புக்கென்றே மருந்து சேர்க்கிறார்கள்; அது பட்டால் பிளேட் பிடிக்காது, வழுக்கும். ஸ்கூட்டர் கிளட்ச் ஆயிலில் படாமல் தனியாக இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். இத்தனையும் பொறுமையாகச் சொன்னேன். அவர் காதில் கடைசி வரி மட்டும் விழுந்திருக்க வேண்டும்.

"எங்கூட்டு ஸ்கூட்டருக்கு ரெண்டு வருசமா இதத்தாண்ணா ஊத்தறேன், ஜம்முனு ஓடுது. நீ சும்மா பயமுறுத்தற!"

மேலுமலை ஏற்றம்

அடுத்த மாதம் ஒரு பைக் மினி டெம்போவில் வந்து இறங்கியது. கூடவே செல்வம் என்ற ஒப்பந்தத் தொழிலாளியும் அவர் மனைவி பாரதியும். அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம். காவேரிப்பட்டினத்தில் செல்வத்தின் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மேலுமலை ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் போயிருக்கிறது. முறுக்க முறுக்க இன்ஜின் அலறுகிறது, வேகம் மட்டும் இறங்கிக்கொண்டே வருகிறது. கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள் பாரதி. இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். கருகிய நாற்றம். செல்வம் பக்கத்தில் குனிந்து சொன்னார்.

"பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிச்சிக்கினே வரான்ணா. வண்டி நகரல. இவ என் சட்டையப் புடிச்சிக்கினு, 'பாப்பா இருக்குது, பாப்பா இருக்குது'ன்னு அதையே சொல்லிக்கினு இருந்தா."

வாயைத் திறக்காதீங்க

ஆயிலை வடித்ததும் அது கார் ஆயில் என்று தெரிந்துவிட்டது. எந்த மடையன் இதை ஊற்றினான் என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும். செல்வம் என் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். கொடுத்தவர் பாரதியின் அண்ணன், டிரைவர் நாகராஜு.

வேறு பாஷை, வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று தங்கையோடு பேச்சே இல்லை அவருக்கு. அவள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டபிறகு, ஒருநாள் கம்பெனி கேட்டில் செல்வத்தின் முன்னால் காரை நிறுத்தி, கேனை நீட்டி, "வண்டிக்கு ஊத்திக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் வேண்டாம் என்று சொன்ன அதே கேன். கோபப்படவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை எனக்கு.

"அவரு குடுத்தது அது ஒண்ணுதாண்ணா. பிளேட் தேஞ்சி போச்சின்னு சொல்லிடுங்க. தெரிஞ்சா மறுபடியும் மூஞ்சத் திருப்பிக்குவாரு, இவ தாங்கமாட்டா."

நேருக்கு நேர்

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்க இருவரும் வந்தபோது, என் போதாத காலம், நாகராஜு கடையில் நின்றிருந்தார், கையில் அடுத்த கேன். செல்வத்தின் வண்டி என் கடையில் நிற்பதைக் கேள்விப்பட்டு, அதை அவரிடம் சேர்த்துவிடும்படி சொல்லத்தான் வந்திருந்தார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். செல்வம் கண்ணாலேயே கெஞ்சினார். இன்னொரு முறை அந்தப் பெண்ணை அதே ஏற்றத்துக்கு அனுப்பிவிட்டு நான் எப்படித் தூங்குவது? வாயைத் திறக்கப் போனேன். பாரதி முந்திக்கொண்டாள்.

வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவர்கள்; ஆனாலும் புருஷனுக்குப் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னாள். "அண்ணா, நீ குடுத்த ஆயிலாலதான் மேலுமலையில வண்டி இழுக்கல. லாரிக்கு அடியில போயிருப்போம். ஆயில் வேணாண்ணா. நீ எங்கூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடு, அது போதும்."

மூன்று பாஷையிலும் வாதாடுகிற நாகராஜு தங்கையின் வயிற்றைப் பார்த்தார். கேனைத் தரையில் வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து செல்வத்தை அவர் முறை சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான்.

"மாப்ள, வண்டி இங்கயே இருக்கட்டும். ரெண்டு பேரும் ஏறுங்க, உங்கூட்டுக்கே போலாம்."

இப்போதும் கார் ஆயிலோடு வருகிறவர்களிடம் தெருமுனை வரை கேட்கும்படி கத்தத்தான் செய்கிறேன், ஆனால் யாருக்காக எடுத்து வந்தீர்கள் என்று கேட்டுவிட்டுக் கத்துகிறேன்.