எங்கள் குப்பத்தை டெட்ராய்ட் ஆக்கியவர்

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். மாமன் மகன் தேசப்பன் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"டேய், டெட்ராய்ட் சார் பூட்டார்டா."

"எங்க?"

"செவ்வாப்பேட்டைல, அவரு ஊட்லதான். காலைல நாஷ்டா துன்னுகினே சாஞ்சிட்டாராம். மாரடைப்பு."

"யாரும் குத்தலியே?"

"செத்தவர பத்தி பேசற பேச்சாடா இது?" என்றவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

கம்பெனித் தொழிலாளர் மன்றம் அவருக்காகப் போடும் நினைவு மலருக்கு என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். பி.யூ.சி.யைப் பாதியில் விட்டவன் என்றாலும், இந்தப் பக்கம் பேனா பிடிக்கிறவன் நான்தான். புகழ்ந்து எழுத வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். பரவாயில்லை, எழுது என்றார்கள்.

அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியின் பர்சனல் ஆபீசர். கேட்டில் யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவு செய்தவர். தம்பி டெட்ராய்ட்டில் கார் ஃபேக்டரி இன்ஜினீயர். தம்பி அனுப்பும் பழைய பத்திரிகைகளை ரயிலில் படித்துக்கொண்டே வருவார். அவற்றில் அவர் தேடியது ஒன்றைத்தான். அமெரிக்காவின் எந்த ஊரில் எத்தனை கொலை, போன வருஷத்தைவிட ஏறியதா, இறங்கியதா.

ஸ்டேஷன் எதிரே பழவேற்காட்டு பாய் ஒருவரின் டீக்கடை. அங்கேதான் முதலில் அவர் பேசக் கேட்டேன்.

"நியூயார்க்குலதானே சார் கொலை ஜாஸ்தி?" என்றார் பாய்.

"எண்ணினா ஜாஸ்தி. ஜனத்தொகையால வகுத்தா டெட்ராய்ட் மேல போயிடும். எத்தனை பேருக்கு எத்தனைன்னு கேக்கணும் பாய்."

"அப்ப உங்க தம்பி அங்க எப்டி கீறாரு? பயமா இல்ல?"

"அவன் தெருவுல ஒண்ணும் கிடையாது. ஊர் பூரா பரவலாவா நடக்குது? சில தெருவுலதான். பாதிக்கு மேல தெரிஞ்சவனேதான் தெரிஞ்சவனக் கொல்றான். வேலை போனா ஏறுது, வீட்டுக்கு வீடு துப்பாக்கி வந்தா ஏறுது. ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா குத்துப்பட்டவன் பொழைச்சிக்கறான். அது கொலைக் கணக்குலயே வராது."

இவ்வளவும் தெரிந்தவர். அதனால்தான் எனக்கு ஆத்திரம். தெரியாதவராக இருந்திருந்தால் மன்னித்துவிட்டிருப்பேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். எங்கள் குப்பத்திலிருந்து ஒரு கூட்டமே போனோம். அதற்குச் சில மாதம் முன்புதான் பழவேற்காடு ஏரியில் தகராறு. எங்களிடம் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்தக் குடும்பம் ஏரியில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டு எடுத்து வைக்கிற முறை. அந்த வருஷம் முகத்துவாரம் மணல் மூடிப் போனது. மீன் வரும் இடம் குறைந்தது, பங்கு கேட்பவர்கள் குறையவில்லை. முறை மாறி வலை போட்டதில் வெட்டு விழுந்தது. ஒருவன் அங்கேயே போனான். இன்னொருவனைப் படகில் ஏற்றிக் கரைக்கு வந்து, பஸ் பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரி போவதற்குள் ரத்தமெல்லாம் போய்விட்டது.

கம்பெனி கேட்டில் சார் எங்கள் ஊரைக் கேட்டார். சொன்னோம்.

"உங்க குப்பத்துல எத்தனை பேரு?"

"முந்நூறு பேரு இருப்போம் சார்."

"ஒரே வருஷத்துல ரெண்டு கொலை. லட்சம் பேர் இருந்திருந்தா அறுநூறுக்கு மேல. டெட்ராய்ட் உங்க கால் தூசிக்கு வராதுப்பா. உள்ள விட்டு நான் கம்பி எண்ணணுமா?"

அந்த இரண்டாவது ஆள் டெட்ராய்ட்டில் வெட்டுப்பட்டிருந்தால் இன்றைக்கும் உயிரோடிருப்பான் என்று சொல்ல வாயெடுத்தேன். வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டான். அன்றிலிருந்து எங்கள் குப்பம் என்று சொன்னாலே வேலை கிடையாது. பக்கத்துக் கம்பெனிகளும் அவரைப் பார்த்து அதையே செய்தன.

அந்த வருஷ மழைக்கு முகத்துவாரம் திறந்துகொண்டது. மீன் வந்தது. பெரியவர்கள் உட்கார்ந்து பாடு முறையைப் புதிதாகப் பிரித்தார்கள். அடுத்த வருஷம் ஒரு கைகலப்புகூட இல்லை. நான் மறுபடி கேட்டுக்குப் போனேன்.

"இந்த வருசம் எங்க ஊர்ல ஒரு கொலகூட இல்ல சார். அமெரிக்காவுல எந்த ஊரு சார் எங்களுக்குப் போட்டி?"

"ஒரு வருஷத்த வெச்சி எதையும் சொல்ல முடியாதுப்பா."

"போன வருசம் சொன்னீங்களே. அதுவும் ஒரு வருசந்தான?"

என்னைப் பார்த்தார். பிறகு, "நான் கண்டிப்பா இருந்தேன், அதான் குறைஞ்சிருக்கு" என்றார். ஏரியைப் பார்த்தே இராதவர்.

இரங்கல் கூட்டத்தில் அவர் லஞ்சம் வாங்காதவர் என்று எல்லோரும் பேசினீர்கள். உண்மை. வாங்கியிருந்தால் வலையை விற்றாவது உள்ளே போயிருப்போம்.

தேசப்பன் உள்ளே போனான். எளாவூர்க்காரன் என்று சொல்லிப் போனான். அவனைப் பார்த்து இன்னும் சிலர் அப்படியே போனார்கள். "எளாவூர்ப் பசங்க தங்கம், சத்தமே கிடையாது" என்று அவர் சொன்னதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தத் தங்கமெல்லாம் எங்கள் குப்பம்தான். எல்லோரும் இப்போது பர்மனென்ட். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுடா, இனிமே எவன் கேப்பான்?" என்றான் தேசப்பன். செவ்வாப்பேட்டையில் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்ததும் அவன்தான்.

அவனே இன்னொன்றும் சொன்னான். ஒருநாள் மெஷின் பக்கம் நின்று, "ஏரியில இப்ப இறால் எப்படிப்பா?" என்று கேட்டாராம். "நல்லா வருது சார்" என்று, தான் எளாவூர்க்காரன் என்பதை மறந்து சொல்லிவிட்டானாம். அவர் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாராம்.

"அவருக்குத் தெரியும்டா. தெரிஞ்சேதான் வுட்டாரு. நல்ல மனுசன்" என்கிறான்.

தெரிந்திருந்தால் இன்னும் மோசம். கணக்கு தப்பென்று தெரிந்த பிறகும், நிஜமான ஊர்ப் பேரைச் சொன்னவனைக் கேட்டுக்கு வெளியேதான் நிறுத்தினார். நான் பொய் சொல்லவில்லை. அதனால் இன்னும் தார்ப்பாய் கட்டுகிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். எவன் எந்த ஊரைப் பற்றி என்ன சொன்னாலும், எத்தனை பேருக்கு எத்தனை என்று கேட்டுவிடுகிறேன். அது அவர் கொடுத்தது, மறுக்க மாட்டேன். எத்தனை வருஷத்துக்கு என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன். அது நான் அவரிடம் கேட்டது.