சர்வருக்குச் சாமி பெயர்

இன்று வீட்டில் இருந்தது மூன்று பேர். நான், இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் என் மாமியார், கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர் ரேஷ்மா.

அத்தையைத் தனியே விட்டு ஓசூர் சிப்காட்டில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு நான் போக முடியாது. கணக்கெல்லாம் அங்குள்ள சர்வரில். அதை வீட்டிலிருந்தே இயக்கும் சாஃப்ட்வேரைப் போடத்தான் ரேஷ்மா வந்தாள்.

நான் எத்தனை முறை தப்பாக அழுத்தினாலும் மௌஸைப் பிடுங்கவில்லை. என்னையே செய்யவைத்தாள். பாஸ்வேர்டு அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"முருகன் நூத்தியெட்டு தானேக்கா?"

தூக்கிவாரிப் போட்டது. "பாத்துட்டியா?"

"பாக்கவே வேணாம்க்கா. ஓசூர்ல பாதி கம்பெனியில இதான். மீதி எங்க ஆளுங்க, பிஸ்மில்லா எழுநூத்தி எண்பத்தாறு."

கட்டிலிலிருந்து அத்தை சொன்னார்: "சாமி காவலுக்கு இருக்கட்டும்மா, சாவியா எதுக்கு வெச்ச?"

சிரித்து முடித்து பாஸ்வேர்டை மாற்றினேன். அத்தைக்குக் கஞ்சி கொடுத்தபடியே பட்டறை சர்வரை நிறுத்தி, மறுபடி ஓடவும் விட்டேன்!

"சர்வருக்கு ஒரு பேரு வெக்கணும்க்கா. அது வெளிய தெரிஞ்சா பரவால்ல, சாமி பேரே வைங்க" என்றாள் ரேஷ்மா.

நான் 'வேலன்' என்கிறேன். அத்தை 'சேவல்' என்கிறார், அதுதான் தூங்கிப்போகாதாம்.

எது வைக்கலாம்? நாளைக் காலைப் பூஜையில் பேர் வைக்கிறோம், அதற்குள் பதில் போடுங்கள்.