மலை உச்சியில் சொன்ன பொய்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாத மாலை. கிணத்துக்கடவு பக்கம் ஒரு சின்ன மலையின் உச்சியில், பாறை மேல் நின்று ட்ரோன் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் சோமனூரில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ட்ரோன் வாங்கிய புதிதில் அவர் இரண்டு முறை தென்னை மரத்தில் கொண்டுபோய் மோதினார். மூன்றாவது முறை மோதுவதற்குள் ரிமோட்டை நான் பிடுங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் ஸ்டுடியோவில் ட்ரோன் என்றால் நான்தான். மண்டபத்தில் ஆண்கள் கூட்டமாக நின்று, ஒரு பொம்பளை ஓட்டுகிறாளே என்று வேடிக்கை பார்ப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்றைக்கு, மனை பிரித்து விற்கும் ஒருவருக்காக மலையும் தோப்புமாக ஒரு வீடியோ எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் மாலை ஐந்து மணி வெயிலுக்குத்தான் மதிப்பு. மஞ்சளாகச் சாய்ந்து விழும், எதை எடுத்தாலும் அழகாக இருக்கும். உச்சியிலிருந்து ஏற்றி, கீழே தென்னந்தோப்புகளுக்கு மேல் கொண்டுபோனேன். தோப்பு நடுவே ஒரு சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் பளபளவென்று மின்னியது. ஆசை விடவில்லை. ட்ரோனைத் தாழ இறக்கி, தொட்டிக்கு மேலே கொஞ்ச நேரம் நிறுத்தினேன். மூன்று நான்கு வண்ணப் புள்ளிகள் சிதறி ஓடின. காயப்போட்ட துணி காற்றில் பறக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படி நினைத்தேனா, அப்படி நினைப்பது வசதியாக இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ட்ரோனைத் திரும்ப வரவழைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, பிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். கல்படி ஏறி ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நைட்டி மேல் துண்டு, ஈரத் தலை, காலில் செருப்பு இல்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"ஏனுங்க அம்மணி, அந்த ஹெலிகாப்டர உட்ட பையன் எந்தப் பக்கம் போனானுங்க?"

பையன் என்றதும் என் வாய் முந்திக்கொண்டது. அந்தப் பக்கமாக இறங்கிப் போய்விட்டான் என்று கையைக் காட்டினேன். சொல்லி முடித்த பிறகுதான் பொய் சொன்னதே உறைத்தது.

துரத்திக்கொண்டு ஓடுவார் என்று பார்த்தால், அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நானும் ஒரு பெண் என்கிற உரிமையில் எல்லாவற்றையும் கொட்டினார். தாயும் மகளும் தேங்காய் நார் மில்லில் வேலை பார்க்கிறார்கள். வேலை விடும்போது உடம்பெல்லாம் நார்த்தூசி அரிக்கும். தோட்டத்துக்காரரிடம் கேட்டு, பெண்கள் எல்லோரும் அந்தத் தொட்டியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாம். அதற்கும் அதே ஐந்து மணிதான். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். தலைக்கு மேல் ட்ரோன் வந்து நின்றதும் மோட்டார் ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்தியவள், திறக்கவே மாட்டேன் என்கிறாளாம்.

"போனுல போட்டு உட்டுட்டான்னா மாப்ள ஊட்டுல என்னங்க சொல்லுவாங்க? கண்ணாலமே வேண்டாங்கறா புள்ள."

பைக்குள் இருந்த ரிமோட்டை எடுத்து வெளியே வைத்தேன்.

"பையன் யாரும் இல்லீங்கக்கா. நாந்தான் ஓட்டுனேன். நானும் பொம்பளதானுங்க, பயப்படாதீங்க."

ஓட்டியது ஒரு பெண் என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதி வந்துவிடும் என்று நினைத்தேன். அவர் என்னையும் ரிமோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடுத்தது நீங்க. பாக்கப் போறதும் நீங்க மட்டுந்தானுங்களா?"

அவர் மலையேறி வந்திராவிட்டால் அன்றைக்கே மனைக்காரருக்கு அனுப்பியிருப்பேன். அவர் ஊருக்கே அனுப்பியிருப்பார். எறும்பு மாதிரிதான் தெரிவார்கள் என்று காட்டுவதற்காக அந்த இடத்தை ரிமோட்டின் திரையில் ஓட்டினேன். எறும்பு மாதிரிதான் தெரிந்தார்கள். பழக்கதோஷத்தில் என் விரல்கள் படத்தைப் பெரிதாக்கின. பாவாடையை மார்புக்கு மேல் கட்டிய ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாகத் தெரிந்தது. எல்லோரிடமும் நான் பீற்றிக்கொள்ளும் கேமரா ஆயிற்றே! "எம் புள்ளைங்க" என்று அந்த அம்மா சட்டென்று உள்ளங்கையால் திரையை மூடினார்.

அழித்துவிடுகிறேன் என்றேன். அழித்தது தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ரிமோட்டில் இருந்ததை அவர் கண்முன்னே அழித்தேன். ட்ரோனில் இருந்த மெமரி கார்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவரோடு தோப்புக்கு இறங்கினேன்.

மோட்டார் ரூம் கதவுக்கு வெளியே நின்று, நான் யார், என்ன செய்தேன், மேலே அவள் அம்மாவிடம் என்ன பொய் சொன்னேன் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை மட்டும் நீண்டது. கார்டை அதில் வைத்தேன். கை உள்ளே போனதும் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. அவள் முகத்தை நான் நேரில் பார்க்கவே இல்லை. திரையில் பார்த்ததோடு சரி.

அந்த அம்மா என் வண்டி வரைக்கும் வந்தார். "இருட்டறதுக்குள்ள பாத்துப் போங்க அம்மணி" என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. சோமனூர் வரும் வரை அழுதுகொண்டேதான் வண்டி ஓட்டினேன்.

இப்போதெல்லாம் எந்த மலைக்குப் போனாலும், முதலில் அடிவாரத்துத் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் போய்ச் சொல்கிறேன். எந்த நேரம் வேண்டாம் என்று பெண்களிடம் கேட்டுக்கொண்டுதான் ட்ரோனை ஏற்றுகிறேன். ஐந்து மணி வெயில் பல தடவை கைவிட்டுப் போயிருக்கிறது. வீட்டுக்காரர் முணுமுணுப்பார், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்தப் பெண் இந்நேரம் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருப்பாள் என்று நம்புகிறேன். அங்கே தலைக்கு மேல் ஏதாவது சத்தம் கேட்டால் அவள் இன்னும் பயந்து நிமிர்ந்து பார்ப்பாளோ என்ற எண்ணம், ட்ரோனில் பேட்டரியைச் செருகும் ஒவ்வொரு முறையும் எனக்கு வந்துவிடுகிறது.