காதைத் தொட்ட கை

என் தம்பி முருகையன் மகள் செம்மொழிக்கு நீளக் கை. அது எங்கள் அப்பா வழியில் வந்தது. பூவம்மாள் அத்தை ஏணி போடாமலே பரணிலிருந்து பானை இறக்குவாள். அவள் மகன் தியாகராசன் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மேல் கம்பியைப் பிடிப்பான். செம்மொழி பிறந்தபோது நர்சம்மா துணியில் சுற்றிக்கொண்டே, "கையைப் பாரு, ரெண்டு பிள்ளைக்கு ஆகும்" என்று சிரித்தார். கார்த்திகை மாதம், வெள்ளக்காலம். ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் முழங்கால் தண்ணீர். அந்தத் தேதி எனக்கு மறக்கவே இல்லை.

அவளுக்கு மூன்றரை வயது நடந்தபோது முருகையன் சிங்கப்பூரில் இருந்தான். அவள் அம்மா கலைமகளும் நானும் நடவுக்குப் போவோம். பிள்ளையை வரப்பில் விட்டுவிட்டு நடுவோம். ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால் வரப்பில் பிள்ளை இல்லை. வாய்க்கால் தண்ணீரில் ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கையைப் பிடித்துத்தான் இழுத்தேன்.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனேன்.

"வயசு என்ன நீலாம்பா?" என்றார் எட்மாஸ்டர்.

"அஞ்சு ஆயிடுச்சுங்க."

"பொறந்த சர்டிபிகேட்?"

"வெள்ளத்துல போச்சுங்க."

அதுவும் பொய். நாங்கள் அதை வாங்கவே இல்லை. அவர் நம்பாமல், "பாப்பா, கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடு" என்றார். ஐந்து வயது ஆகாத பிள்ளைக்குக் கை எட்டாது. எங்கள் பக்கத்தில் அதுதான் கணக்கு. செம்மொழி தொட்டது மட்டுமில்லை, காதைப் பிடித்துத் திருகியும் காட்டினாள்.

"அடேயப்பா, அஞ்சென்ன, ஆறுன்னே எழுதலாம் போலிருக்கே!" என்று சொல்லி, ஐந்து வயதுக் கணக்கில் ஜூன் இரண்டு என்று ஒரு தேதி போட்டார். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜூன் இரண்டில் பிறந்தவர்கள்தான். ஒரு வருஷமும் ஐந்து மாதமும் கூடுதலாக ஏறிவிட்டது. மத்தியானம் சோறு கிடைக்கும், வாய்க்காலில் விழமாட்டாள். அன்றைக்கு எனக்கு அதுவே போதும்.

ஏழாவது படிக்கும்போது லீவு நாளில் வரப்பில் நின்று நாற்று முடி வீசிக்கொண்டிருந்தாள். ராமாயி வயலுக்குள்ளிருந்து கத்தினாள்: "அடியே, நடுறவளுக்குப் போடச் சொன்னா அடுத்தவன் வயலுக்குப் போடுறியே! அவனுக்கா நாங்க நாத்துப் பறிச்சோம்?" ரோட்டில் ஸ்கூட்டியில் போன விளையாட்டு டீச்சர் விஜயலட்சுமி வண்டியை நிறுத்திப் பார்த்தார். அடுத்த வாரம் செம்மொழி கையில் வட்டு இருந்தது.

அதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. அறுவடை முடிந்த வயலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வீசுவாள். மாவட்டத்தில் முதல், மாநிலத்தில் இரண்டு, பிறகு முதல். போனில் ஜெர்மனிக்காரப் பெண்கள் வீசுவதை எனக்குக் காட்டுவாள். "பாருங்க அத்தை, தட்டாமாலை சுத்துற மாதிரி இருக்கும். ஆனா கால் வட்டத்தை விட்டுப் போகாது. ஒருநாள் அங்க போயி அவங்களோட வீசணும்."

ஒன்பதாம் வகுப்பில் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "பிறந்த தேதி சரிதானாம்மா? பத்தாவது மார்க் சீட்ல ஏறிட்டா அப்புறம் கோர்ட்டுக்குத்தான் போகணும்." அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். பிள்ளையைக் கீழ் வகுப்புக்கு இறக்கிவிடுவார்களோ என்று பயம். நாலு பேர் முன்னால் பொய்க்காரி ஆகிவிடுவேனே என்ற வெட்கம் அதைவிடப் பெரிது. "சரிதாங்க" என்று கையெழுத்துப் போட்டேன். முதல் பொய்க்கு வாய்க்காலைச் சொல்லலாம். இதற்கு என்னத்தைச் சொல்ல?

இந்த வருஷம் ஜெர்மனியில் இருபது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு போட்டி. செம்மொழி பேர் பட்டியலில் வந்தது. ஊரில் பேனர் வைத்தார்கள். பேப்பரைச் சரிபார்த்ததும் பேரை எடுத்துவிட்டார்கள். காகிதத்தில் அவளுக்கு இருபது. உண்மையில் பதினெட்டரை.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்த எட்மாஸ்டரு கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருக்காரு அத்தை. செத்தும் என்னைக் கெடுத்துட்டாரு."

செத்த மனுஷர் மேல் பழி போவதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. "அவரு இல்லடி. நான்" என்றேன். வாய்க்காலையும் சொன்னேன், ஒன்பதாவதில் போட்ட கையெழுத்தையும் சொன்னேன்.

ஒரு கொத்தை எடுத்து இலை இலையாக உருவினாள். "வாய்க்கால் சரி. ஒன்பதாவதுல சொல்லியிருக்கலாமே அத்தை" என்றாள். வட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கோர்ட்டில் மனுப் போட்டோம். சுகாதார நிலையத்துப் பதிவேட்டு நகலும் வந்தது. நான் கூண்டில் ஏறுவதற்குள் ஜெர்மனிப் போட்டி முடிந்துவிட்டது.

சர்க்கார் பக்கத்து வக்கீல் கேட்டார்: "அன்னைக்குச் சொன்னது பொய்னா, இன்னைக்குச் சொல்றது நெசம்னு எப்படிம்மா நம்புறது?"

"அன்னைக்குப் பொய் சொன்னேன், பிள்ளைக்கு எடம் கெடைச்சுதுங்க. இன்னைக்கு நெசம் சொல்லி என்ன கெடைக்கப் போவுது? ஜெர்மனிக்குப் போறவங்கதான் போயிட்டாங்களே" என்றேன். ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தீர்ப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போட்டார்கள்.

செம்மொழி இப்போது பெரிய பெண்களோடு வீசுகிறாள். போன மாதம் ஐந்தாவதாக வந்தாள்.

கோர்ட்டிலிருந்து திரும்பும்போது கூத்தாநல்லூர் பஸ்ஸில் கூட்டம். எனக்கு இடம் கிடைத்தது, அவள் நின்றாள். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். என் மடியில் பாரமாக இருந்த பையை மட்டும் வாங்கி, எட்டி மேல்தட்டில் வைத்தாள்.