பொத்தைக்கு நான் வைத்த பெயர்

அன்று எங்கள் நிலத்துப் பாறைக் குன்றான பொத்தையின் அடியில் அப்பா இருந்தார், அதை விலைபேச வந்த கல் வியாபாரி இருந்தார், வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் தூக்கிய நான், ஏழாம் வகுப்பு, இருந்தேன்; அம்மா மட்டும் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தாள்.

இன்று கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பசால்ட் துண்டைக் கையில் தந்தார்கள். எரிமலைக் குழம்பு வெளியே வந்து சட்டென்று ஆறிய கல். படிகம் கண்ணுக்குத் தெரியாது, சிலதில் காற்றுக் குமிழியின் ஓட்டைகள் இருக்கும். எங்கள் பொத்தையில் ஓட்டையே கிடையாது. சாரல் நனைத்துப் போன பிறகு வெயில் பட்டால் அரிசி அரிசியாக மினுங்கும் அந்தக் கறுப்புக் குன்றின் மேல்தான் அம்மா உளுந்து காயப்போடுவாள், சாயங்காலச் சூடு முதுகில் ஏற நான் மல்லாந்து கிடந்து, அதன் சொரசொரப்பைத் தடவிக்கொண்டே பாடம் படிப்பேன்.

"ஒங்க மவன் படிக்கிற புள்ளல்லா அண்ணாச்சி, அவன்ட்டயே கேளுங்க" என்றார் அன்று வியாபாரி.

"ஏலே, இது என்ன கல்லுலே?" என்றார் அப்பா.

"எரிமலைக் கல்லுப்பா, பசால்ட்டு. கறுப்பா இருக்கும்னு புக்குல போட்டிருக்கு."

"கரெக்டா சொல்லுதான் பாருங்க! அப்போ ரோட்டுச் சல்லிக்குத்தான் ஆவும்."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சல்லி விலைக்கே கைநாட்டு வைத்தார்.

"ரோட்டுல கெடக்க சல்லி இப்பிடியால மினுங்குது?" என்று அம்மா வந்து கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவர்கள் ஒரு சல்லிகூட உடைக்கவில்லை. பாளம் பாளமாக அறுத்து லாரியில் ஏற்றினார்கள். இப்போது அங்கே பச்சைத் தண்ணீர் நிற்கும் குழிதான். மெருகேற்றிய அதே கல்லைத் தென்காசி கிரானைட் கடையொன்றில் விலை கேட்டேன். பொத்தை முழுவதற்கும் அப்பா வாங்கிய எண்பதாயிரத்தில் நாலு வீட்டுக்கு அடுப்படி மேடை போடலாம்.