குனிஞ்ச முதுகுக்கு ஏது லீவு

ஹாக்கி சொல்லிக்குடுக்குற வேலைங்கிறது பாதி நேரம் விசில் ஊதுறது, மீதி நேரம் தூங்குற புள்ளைங்கள எழுப்புறது.

சிரிக்காதீங்கடா நண்பர்களா. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? கபடின்னா வேலி மேல ஏறி நின்னு பாப்பீங்க. கிரிக்கெட்டுன்னா பொண்டாட்டிக்கு வலி எடுத்தாலும் இந்த ஓவர் முடியட்டும்பீங்க. ஹாக்கின்னா மட்டும் "அந்த வளைஞ்ச குச்சியா?"ன்னு கேப்பீங்க. ஆமாய்யா, அதேதான். இஞ்சினியரிங்க பாதியில விட்டுட்டு வந்த நான், ஒரத்தநாடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல பொம்பளப் புள்ளைங்க ஹாக்கி டீமுக்கு பி.டி. மேடத்தோட எடுபிடி. பேரு மட்டும் கோச்சு. டியூஷன் எடுத்து, டான்ஸ் சொல்லிக்குடுத்து, அடுத்தவங்க புள்ளைங்களோட மல்லுக்கட்டுறவங்க யாராச்சும் இருந்தா கிட்ட வாங்க. நம்ம ஜாதி நீங்க.

மார்க் போடுற வைத்தியம்

புரட்டாசி பொறந்தா எங்களுக்கு மூச்சு விட நேரம் கெடையாது. மாவட்டப் போட்டி ஒரு பக்கம், ஊருக்கு ஊரு சுழற்கோப்பை ஒரு பக்கம், நடுவுல காலாண்டுப் பரீட்சை. பரீட்சை முடிஞ்சு லீவு விட்டதும் காலைல ஒரு பிராக்டிஸ், சாயங்காலம் ஒரு பிராக்டிஸ். புள்ளைங்க கண்ணு ரெண்டும் வெந்த கத்திரிக்கா மாதிரி ஆயிட்டு. சரி, படிக்காத மேதை நாம ஏதாச்சும் பண்ணுவோம்னு போன்ல வீடியோ பாத்தேன். வெள்ளக்காரன் ஒருத்தன் சொல்றான், தெனமும் காலைல சோர்வுக்கு ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் மார்க் போடச் சொல்லணுமாம். ஒண்ணுன்னா தெம்பா இருக்கேன், பத்துன்னா செத்துட்டேன்.

மறுநாள் வரிசையா நிக்க வச்சுக் கேட்டேன். எல்லாரும் "ஒண்ணுண்ணா", "ஒண்ணுண்ணா"ன்னு கத்துதுங்க. ஒருத்தி கொட்டாவிய முழுங்கிக்கிட்டே ஒண்ணுங்குறா. டயர்டுன்னு சொன்னா வெளிய ஒக்கார வச்சிருவேன்னு பயம். பத்து போட்டது ஒரே ஆளு, சப்ஸ்டிடியூட் கோல்கீப்பர். இந்த சீசன் முழுக்க ஒரு ஆட்டம் ஆடல அவ. ஒனக்கு என்னம்மா சோர்வுன்னு கேட்டேன். "சும்மா ஒக்காந்து பாக்குறதுலதாண்ணா ஒடம்பெல்லாம் வலிக்குது."

என் வீர உரை

ஒரு நாள் தோத்துட்டு வந்து மனசு ஒடிஞ்சு நிக்குதுங்க. நான் புங்கமரத்தடியில ஒக்கார வச்சு ஒரு பேச்சு பேசினேன் பாருங்க, எலெக்‌ஷன்ல நின்னா டெபாசிட் வாங்கியிருப்பேன். ஒடம்பு சோர்ந்தா மனசு தூக்கணும், மனசு சோர்ந்தா டீம் தூக்கணும்னு அள்ளி விட்டேன். கண்ண மூடி ஆழமா மூச்சு விடுங்கன்னேன். அத்தனையும் கண்ண மூடிச்சு. தெறக்கல. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, அடிச்ச காத்துக்குப் படுத்த பயிரு மாதிரி தூங்குதுங்க.

பின்னாடி நின்ன பி.டி. மேடம் விசில கையிலேயே வச்சுக்கிட்டு, எழுப்ப வேணாம்னு சைகை காட்டினாங்க. அப்பறம் மெதுவா சொன்னாங்க: "தம்பி, நீங்க பேசினதுலயே உருப்படியானது இன்னைக்குப் பேசினதுதான்."

ரெஸ்ட்டு விட்டேன்

அதுக்கப்பறம் மேடத்துக்கிட்ட கெஞ்சி புதன்கிழமை முழு லீவு வாங்கினேன். காலையும் கெடையாது, சாயங்காலமும் கெடையாது, வீட்டுல படுத்து ஒறங்குங்கன்னேன். புள்ளைங்க ஒண்ணும் குதிக்கல. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துச்சுங்க. அதோட அர்த்தம் எனக்கு அப்ப புரியல.

புதன்கிழமை டீ குடிக்க வண்டியில போறேன். வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சம்பா நடவு. மழை பேஞ்சு சேறு ஆழமாயி மெஷின் எறங்காத வயல்ல பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு நிக்குறாங்க. அந்த வரிசையில ரெண்டு முதுகு எனக்கு நல்லாத் தெரிஞ்ச முதுகு. என் லெஃப்ட் விங். பக்கத்துல என் சென்டர் ஹாஃப் பவித்ரா. முட்டி மடக்கி, இடுப்பத் தாழ்த்தி, அப்படியே நான் சொல்லிக்குடுத்த நெலை. நான் என்னத்த சொல்லிக்குடுத்தேன், அதுங்க பொறந்ததுலேருந்து அப்படித்தான் நிக்குதுங்க.

தண்ணி எந்த வயலுக்கு என்னைக்குப் பாயுதுன்னு ஊருல ஆடு மாட்டுக்குக்கூட தெரியும். அதப் பாக்காம லீவு விட்ட ஒரே அறிவாளி நான். நடவுக் கும்பலக் கூட்டிக்கிட்டு வர்ற அக்கா என்னப் பாத்து, கையில இருந்த நாத்துக் கட்ட ஆட்டிக்கிட்டே கத்துனாங்க: "தம்பி, இதே மாதிரி சனிக்கிழமையும் ரெஸ்ட்டு விடுங்க தம்பி, மேலக்காடு பாக்கி கெடக்கு!"

எடம்

பவித்ராவப் பத்திச் சொல்லணும். சென்டர் ஹாஃப்னா தாக்குறதுக்கும் ஓடணும், தடுக்குறதுக்கும் ஓடணும், டீம்லயே அதிகமா ஓடுற ஆளு. அந்த ஞாயித்துக்கிழமை அவளுக்குத் தஞ்சாவூர்ல ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷன். உள்ள போயிட்டா சாப்பாடு, முட்டை, கட்டிலு, படிப்பு எல்லாம் அங்கயே. வருஷத்துக்கு ஒருவாட்டிதான் கூப்புடுவாங்க. அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிடும்.

அவ வயலுக்குப் போறது ஒரு நாள் கூத்து இல்லன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. அம்மாவுக்குக் காலெல்லாம் சேத்துப்புண்ணு. காலை பிராக்டிஸ் முடிஞ்ச கையோட இவ அம்மாவுக்கு பதிலா நடவுக்குப் போறா, அங்கேருந்து நேரா சாயங்கால பிராக்டிஸுக்கு வர்றா. நான் வீட்டுக்குப் போயி, ஞாயித்துக்கிழமை வரைக்குமாச்சும் அவள விடுங்கக்கான்னேன். அவுங்க காலுக்கு மஞ்சப் பத்துப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. கும்பல்ல ஒரு வீட்டு ஆளு வரலன்னா அந்த எடத்துல வேற வீட்டு ஆளு எறங்கிடும், அப்பறம் சீசன் முடியிற வரைக்கும் கூப்புட மாட்டாங்கன்னாங்க. ஒரு நாலு நாளு கேட்டுப் பாக்கக் கூடாதான்னேன். கோவமெல்லாம் படல அவுங்க. "ஒங்க டீமுல அவ நாலு நாளு வரலன்னா, அவ எடத்த அப்படியே வச்சிருப்பீங்களா தம்பி?"

பேராவூரணி செமிஃபைனல்

வெள்ளிக்கிழமை மத்தியானம் பேராவூரணியில ஆட்டம். மேடம் வீட்டுல விசேஷம், அதனால பொறுப்பு முழுக்க என் தலையில. பவித்ரா காலைல நட்டுட்டு, நகத்துல சேறோட வந்து வேன்ல ஏறினா. ஏறின ஒடனே தூங்கிட்டா. எறங்கினதும் தொடையோட பின்பக்கத்த அமுக்கி விட்டுக்கிட்டா. எத்தன மார்க்குன்னு கேட்டேன். ஒண்ணுன்னா. நானும் அத நம்பின மாதிரி தலையாட்டினேன்.

ஆடினா பாருங்க, தென்னந்தோப்புல சாஞ்சு நின்ன பெருசுங்கள்லாம் எந்திரிச்சு கைதட்டுச்சு. நாங்க ஒரு கோல் முன்னாடி. கடைசி குவார்ட்டருக்கு முன்னாடி தண்ணி குடிக்க வந்தவ பாட்டில வாயில வைக்காம தலையில ஊத்திக்கிட்டு என்னையே பாத்தா. மாத்து ஆளு வார்ம்-அப் பண்ணி ரெடியா நின்னுச்சு. நான் பவித்ரா முதுகுல தட்டி உள்ள அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல ஒரு பந்துக்கு நீட்டி ஓடினவ, பாதியில கால இழுத்துக்கிட்டு அப்படியே ஒக்காந்துட்டா. அழல. குச்சிய மட்டும் கீழ விடல.

மீன் வண்டிக்காரர்கிட்ட ஐஸ் வாங்கித் துண்டுல கட்டித் தொடையில வச்சோம். தச கிழிஞ்சிருக்கும், மூணு வாரம் கால ஊனக் கூடாதுன்னு அங்க இருந்த டாக்டர் சொன்னாரு. வேன் கெளம்புச்சு. செலக்‌ஷனப் பத்தி அவ எதாச்சும் கேட்டா என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். பட்டுக்கோட்டை தாண்டினதும் கேட்டா: "அண்ணா, நாளைக்கு அம்மா எடத்துல யாருண்ணா எறங்குவா?"

சோர்வ எப்படிக் கையாளுறதுன்னு எங்கிட்ட வந்து கேக்குற நண்பர்களே, அவ முடியலன்னு வாயத் தெறந்து சொல்லாததால இல்ல, நாங்க ஜெயிச்சுக்கிட்டு இருந்ததாலதான் நான் அவள வெளிய எடுக்கல.