மாமாவின் இரட்டைக் குழாய் வண்டி

மாமாவின் கார் எங்கள் தெருவுக்குள் திரும்பும் முன்பே அதன் சத்தம் வந்து வீட்டுத் தகரக் கதவை அதிர வைக்கும். அம்மாவின் முகம் மலரும். அப்பாவின் முகம் சுருங்கும். நான் இரண்டையும் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. கம்பெனிக்கு வந்துபோன வெளிநாட்டுக்காரர் யாரோ விட்டுவிட்டுப் போன கார் புத்தகம் ஒன்று அவர் கையில் கிடைத்ததிலிருந்து பிடித்தது பைத்தியம். அதில் இருந்ததெல்லாம் அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள். நீள மூக்கு, அகலச் சக்கரம், பக்கவாட்டில் பளபளக்கும் புகைக் குழாய். யாருக்கும் வேண்டாமல் ஷெட்டில் கிடந்த ஒரு பழைய காண்டஸா காரை வாங்கி, அந்தப் படத்தில் இருப்பது மாதிரி ஆக்கியே தீருவது என்று இறங்கிவிட்டார்.

அந்தக் கார்களின் எஞ்சினைப் பற்றி எனக்கு விளக்கம் சொன்னதும் அவர்தான். இரண்டு உள்ளங்கைகளையும் புத்தகம் விரித்த மாதிரி சாய்த்துக் காட்டுவார்.

"இந்தக் கையில நாலு சிலிண்டர், அந்தக் கையில நாலு. ரெண்டு பக்கமும் பொகை வருது, அதான் ரெண்டு கொழா. நடுவுல பின்சக்கரத்த சுத்துற ஷாஃப்ட்டு போவுது. அதுக்கு இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு. புரியுதா கண்ணு?"

புரிந்தது என்று தலையாட்டுவேன். மாமா எது சொன்னாலும் எனக்குப் புரியும்.

"உன் வண்டியில நாலும் ஒரே வரிசைதானே இருக்குது? ஒத்த அடுப்புக்கு எதுக்குடா ரெண்டு பொகபோக்கி?" என்றார் அப்பா.

ஆனாலும் குழாய் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சத்தம் கம்மியாக வருகிறது என்று பின்னால் இருந்த சைலன்சரையும் குழாயின் நீள வாலையும் அறுத்து எறிந்துவிட்டு, இரண்டு குழாயையும் பின்கதவுகளுக்குக் கீழேயே முடித்தார். இரண்டாவது குழாய்க்கு அந்த வண்டியில் இடமே கிடையாது. தரைத் தகட்டை உரசுகிற மாதிரி ஒட்டித்தான் வைக்க முடிந்தது. பின்சீட்டில் கால் வைக்கிற அந்தத் தகட்டிலோ துருப்பிடித்து ஓட்டை. அதற்கும் எங்கள் ஊர் வழி ஒன்று இருக்கிறதே! கம்பெனியில் கழித்துப் போட்ட தடித்த சோல் தோலை வெட்டி, சொல்யூஷன் தடவி ஒட்டி, மேலே ஒரு புது மேட் போட்டு மூடிவிட்டார்.

என் தம்பிக்குப் பெயர் வைத்த அன்று அப்பா சொந்தக்காரர்கள் நடுவில் அந்த வண்டியைக் கிண்டல் பண்ணப் போக, மாமா இலையை விட்டு எழுந்து போய்விட்டார். மாதக்கணக்கில் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. தம்பியின் முதல் முடியை வள்ளிமலை முருகனுக்கு நேர்ந்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை போட வேண்டும். அம்மா நேரில் போய் அழுது, சம்மதம் வாங்கி வந்தாள். "மலைக்கு என் வண்டியிலதான் போவணும். சரின்னா வர்றேன்" என்றாராம் மாமா.

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் விளக்கேற்றியதும் அம்மா அப்பாவை முருகன் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"மலை ஏறி எறங்குற வரைக்கும் அவனப் பத்தியோ அவன் வண்டியப் பத்தியோ ஒரு வார்த்த பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"இன்னாடி இது, சின்னப் புள்ளைங்க மாதிரி?"

"பண்ணுங்க. இந்த வாட்டியும் அவன் கோச்சிக்கினு போனா என் புள்ளைக்கு மாமன் மடி இல்லாம போய்டும்."

அப்பா விளக்கைத் தொட்டார். எங்கள் வீட்டில் விளக்கைத் தொட்டுச் சொன்னால் அது முருகனிடம் சொன்னது. அப்படித் தொட்டுத்தான் அப்பா பீடியையே விட்டிருந்தார்.

மறுநாள் காலையில் தூறல். மாமா ஓட்ட, அப்பா முன்னால் அவர் பக்கத்தில். பின்னால் நானும், தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அம்மாவும். தம்பிக்குச் சளி பிடித்திருந்ததால் கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றியாகிவிட்டது. வண்டி கிளம்பியதும் இருக்கையோடு சேர்ந்து என் வயிறும் அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தோல் வாடை வந்தது. எங்கள் ஆம்பூர் முழுக்கத் தோல் பதனிடுகிற டேனரிகள்தான்; ஆம்பூர்க்காரர்களுக்குத் தோல் வாடை ஒரு வாடையே இல்லை. துவைத்த சட்டையிலும் அது இருக்கும், தலையணையிலும் இருக்கும். அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பள்ளிகொண்டா தாண்டினால் அந்த வாடை எங்களை விட்டுவிடும். அன்று விடவில்லை.

அப்பா மூக்கை உறிஞ்சினார். டேனரியில் தோல் பதமாகிவிட்டதா என்று பார்ப்பது அவர் வேலை. கொதிக்கிற தண்ணீரில் துண்டுத் தோலைப் போட்டு, சுருங்குகிறதா என்று தினமும் பார்க்கிறவர். மெதுவாகக் கண்ணாடியை இறக்கினார்.

"ஏத்துங்க, புள்ளைக்குச் சாரல் அடிக்குது" என்றாள் அம்மா.

ஏற்றினார். மாமா ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மாமா, வாய்க்குப் பூட்டு போட்டுக்கினு வர்றீங்க? எப்டிக்கீது நம்ம வண்டி?"

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கண் அவரைக் கெஞ்சியது.

"நல்லாகீது" என்றார் அப்பா.

"பாத்தியாக்கா! மாமாவே சர்ட்டிபிகேட் குடுத்துட்டாரு!"

அம்மாவுக்குச் சந்தோஷம். பஸ்ஸில் ஏறினாலே வீறிட்டு அழுகிற தம்பி அன்று சத்தமே இல்லாமல் தூங்கிக்கொண்டு வந்தான். "மாமன் வண்டின்னு அவனுக்கே தெரியுது, பாரு" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். பிறகு அவளும் பேசவில்லை. காட்பாடி தாண்டியபோது என் நெற்றியைக் கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது.

"அம்மா, வாந்தி வருது."

"அடக்கிக்கோடி... மாமா புது சீட்டு..." என்று இழுத்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அப்பா அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பினார். குனிந்து கையை நீட்டி, அம்மாவின் காலடியில் இருந்த மேட்டைத் தூக்கினார். ஒட்டியிருந்த தோல் சூட்டில் அப்பளம் போலச் சுருண்டு கிடந்தது. அந்த ஓட்டைக்குள் நனைந்த ரோடு ஓடியது. வெள்ளையாக எதுவோ மேலே வந்துகொண்டிருந்தது. அப்பா தம்பியின் உள்ளங்காலைச் சுண்டினார். கால் அசையவில்லை. இன்னும் பலமாகச் சுண்டினார். அப்போதும் இல்லை.

"நிறுத்துடா வண்டிய!"

"ஏங்க, சத்தியம் பண்ணிட்டு..." என்று அம்மா குழறினாள்.

"நிறுத்துடான்னா! இந்த எழவு வண்டி எம்புள்ளைய கொல்லுதுடா!"

வண்டி வேர்க்கடலைக் கொல்லை ஓரமாகச் சறுக்கி நின்றது. அப்பா பின்கதவைத் திறந்து தம்பியைப் பிடுங்கிக்கொண்டு மழையில் ஓடினார். அம்மா இறங்கியவள் நிற்க முடியாமல் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாந்தி எடுத்தேன். மாமா கதவைப் பிடித்தபடி சிலை மாதிரி நின்றார். வண்டி பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

"மொதல்ல அந்தச் சனியன அணை!"

சத்தம் நின்றது. அதற்குப் பிறகு இருந்த அமைதியைப் போல ஓர் அமைதியை நான் இன்றுவரை கேட்டதில்லை. தூறல் தம்பியின் முகத்தில் விழுந்தது. அப்பா அவன் முதுகைத் தேய்த்தார், காலைத் தட்டினார், வாயில் ஊதினார். அம்மா "முருகா, முருகா" என்று தரையைத் தட்டினாள். முதலில் பூனைக்குட்டி போல ஒரு முனகல். அப்புறம் தம்பி வழக்கம்போல ஊரைக் கூட்டினான்.

அந்தப் பக்கமாக வந்த பால் வண்டியில் ஏறி வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளைக்கு ஆக்ஸிஜன் காற்று வைத்தார்கள். அன்று மொட்டை இல்லை.

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். இந்தக் கதையைக் கேட்டபோது அவர்தான் சொன்னார். புகைக் குழாய் பின் அச்சுக்கு மேலே ஏறி, வண்டியின் கடைசி வரை போவது அழகுக்கு இல்லையாம். கதவுக்கு அடியில் விட்ட புகை அங்கேயே சுற்றி, சந்து கிடைத்தால் உள்ளே வந்துவிடுமாம். மாமா பார்த்த அமெரிக்க வண்டிகள் பலவற்றில் அடியில் இரும்புச் சட்டம் தனி, மேலே உடம்பு தனி. குழாய் தொங்க இடம் உண்டு. மாமாவின் வண்டிக்குத் தரைதான் சட்டம். அந்தத் தரையிலேதான் ஓட்டை.

பிறகு ஒரு கிருத்திகைக்கு வள்ளிமலைக்குப் பஸ்ஸில் போனோம். மாமா வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவே என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது மாமா?"

"இருக்கிற மூஞ்சிய வெச்சிக்கினு வா மச்சான். மடி உன்னுது."

மாமா மடியில் தம்பிக்கு முடி இறக்கினார்கள். மாமா குனிந்த தலை நிமிரவில்லை. சந்நிதியில் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார், காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டார். நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விளக்கைத் தொட்டுச் சொன்ன வார்த்தையை அப்பா மீறிவிட்டாரே, சாமி தண்டிக்குமே! "முருகா, அப்பா அவசரத்துல பேசிட்டாரு, விட்டுடு" என்று நானும் பக்கத்தில் நின்று அவருக்காகக் காதைப் பிடித்துக்கொண்டேன்.

சத்தியத்தை மீறியதற்காகத்தான் அப்பா மன்னிப்புக் கேட்கிறார் என்றே ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. பள்ளிகொண்டாவிலேயே எங்கோ தோல் சூட்டில் வேகிறது என்று மூக்குக்குத் தெரிந்தும் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாரே, அந்தத் தூரத்துக்காகத்தான் அவர் அழுதுகொண்டிருந்தார்.